கிட் கார்: அழகு ஃபைபரில், ஆயுள் அடியில்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார், கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் பாடியைத்தான் பார்க்கிறார்கள். தரையோடு ஒட்டிய மூக்கு, உப்பலான சக்கர வளைவுகள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். பிடித்துப்போய் ஆர்டர் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் இதற்கு அடியில் எந்த வண்டியை வைப்பது என்று யோசிக்கிறார்கள். பாதியில் நின்றுபோய், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் கிட் கார்களில் பல இந்தத் தலைகீழ் வரிசையால் வந்தவைதான்.

கிட் காரின் கணக்கு எளிது. வெளியே தெரியும் பாடி புதிது, ஃபைபர்கிளாஸில் வார்த்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஏற்கெனவே சாலையில் ஓடிய ஒரு வண்டியிலிருந்து வருகின்றன. அந்த வண்டியை டோனர் என்கிறார்கள். சில கிட்களில் டோனரின் சேஸி, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம், அப்படியே இருக்கும், மேலே உள்ள பாடி மட்டும் மாறும். வேறு சிலவற்றில், கிட் விற்பவரே இரும்புக் குழாய்களை வெல்டு செய்து புதுச் சேஸி தருவார். டோனரிலிருந்து ஓடும் பாகங்களை மட்டும் கழற்றிப் பூட்ட வேண்டும். இரண்டு வகைக்கும் ஒரு விஷயம் பொது. வண்டி நேராக ஓடுமா, பிரேக் மிதித்தால் ஒழுங்காக நிற்குமா, சில வருடங்கள் கழித்தும் கதவு சரியாகச் சாத்துமா என்பதையெல்லாம் பாடி முடிவு செய்வதில்லை. அடியில் இருப்பதும், அதோடு பாடி சேரும் இடங்களும்தான் முடிவு செய்கின்றன.

அப்படியானால் இந்தத் துறை முழுக்க ஏன் ஃபைபரைச் சுற்றியே வளர்ந்தது? காரணம் கருவிச் செலவு. இரும்புத் தகட்டில் ஒரு கார்க் கதவை அடிக்க டன் கணக்கில் எடையுள்ள டை என்னும் இரும்பு அச்சு வேண்டும், அதை அழுத்த ராட்சத பிரஸ் வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். ஃபைபருக்கு மரத்தாலும் ஃபோமாலும் பட்டியாலும் ஒரு மாதிரி வடிவம் செய்து, அதிலிருந்து ஓர் அச்சு எடுத்தால் போதும். மற்றபடி தேவை இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசின், கண்ணாடி இழைப் பாய், பிரஷ், ரோலர். ஐம்பது வண்டி விற்றாலே பெரிது என்றிருக்கும் சின்னப் பட்டறைக்கு வேறு வழி கிடையாது.

வித்தை வந்தது படகுத் துறையிலிருந்து. அமெரிக்காவில் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்த பில் ட்ரிட், 1950-களின் தொடக்கத்தில் வில்லிஸ் ஜீப் வகைச் சேஸி ஒன்றின்மேல் ஃபைபர் பாடி வைத்துக் காட்டினார்; கிளாஸ்பார் ஜி2 என்ற பாடி அப்படித்தான் பிறந்தது. பெரிய கம்பெனிகளும் கவனித்தன. 1953-ல் செவ்ரோலே தன் முதல் கார்வெட்டை ஃபைபர் பாடியோடு இறக்கியது. அந்த வருடம் கட்டியது 300 வண்டிகள்தான், அதுவும் பெரும்பகுதி கைவேலை.

பிரிட்டனில் கிட் கார் வளர்ந்ததற்கு வரியும் ஒரு காரணம். முழுதாகக் கட்டிய காருக்கு அங்கே அப்போது கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கிடையாது. லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் கார் 1957 முதல் இப்படித்தான் பலர் கைக்குப் போனது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது, வண்டி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பீட்டில் ஏன் எல்லோருக்கும் பிடித்தது

டோனர் என்றாலே பழைய ஆட்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைத்தான் சொல்வார்கள். உலகம் முழுக்க 2 கோடியே 15 லட்சம் பீட்டில்கள் தயாராயின, ஆகவே எங்கும் கிடைத்தது, பாகமும் கிடைத்தது. ஆனால் உண்மையான காரணம் அதன் கட்டமைப்பு. பீட்டிலின் அடித்தளம் தனி, மேல் பாடி தனி. நடுவில் முதுகெலும்பாக ஒரு சுரங்கக் குழாய், இரண்டு பக்கமும் தரைத் தகடு, முன்னால் சஸ்பென்ஷன் பூட்டும் தலை, பின்னால் கியர் பாக்ஸையும் எஞ்சினையும் தாங்கும் கவை. சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டு, வயரிங், பெட்ரோல் குழாய் போன்ற சிலவற்றைப் பிரித்துவிட்டால் பாடி அப்படியே மேலே வந்துவிடும். கீழே மிஞ்சுவது, சீட்டையும் ஸ்டீயரிங்கையும் பெட்ரோல் டேங்க்கையும் மாட்டினால் ஓட்டிப்போகக்கூடிய வண்டி. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் முன்னால் ரேடியேட்டர் வைக்கவும் இடம் தேட வேண்டாம். மூக்கை எவ்வளவு தாழ்த்தினாலும் கேட்க ஆளில்லை.

இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டவர் கலிஃபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். அவரும் படகுக்காரர்தான். 1964-ல் அவர் கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ் பக்கியின் (மணலில் ஓட்டும் திறந்த சின்ன வண்டி) முதல் 12 வண்டிகளில் பீட்டிலின் அடித்தளமே கிடையாது. ஃபைபர் உடலே கட்டமைப்பு. பீட்டிலின் ஓடுபாகங்கள் அதில் நேரடியாகப் பூட்டப்பட்டன. நல்ல வண்டிதான், ஆனால் செய்யச் செலவு அதிகம், வாங்கியவர் கட்டுவதும் கஷ்டம். அதனால் அடுத்த வடிவத்தில் அவர் பீட்டிலின் அடித்தளத்துக்கே திரும்பினார். அதை நடுவில் சுமார் 36 செ.மீ. வெட்டி எடுத்துச் சுருக்கி, மேலே ஒரு தொட்டி மாதிரியான ஃபைபர் பாடியைப் பூட்டினார். 1967-ல் அவரும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்கள். ஆர்டர் குவிந்தது. காப்பியும் குவிந்தது. காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார், 1971-ல் கம்பெனி மூடப்பட்டது.

அந்த 36 செ.மீ. பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கிட் விளம்பரங்களில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். பீட்டிலின் சக்கர இடைவெளி, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம், 2,400 மி.மீ. அதைச் சுருக்குவது தரைத் தகட்டை மட்டும் வெட்டி ஒட்டும் வேலை இல்லை. நடுச் சுரங்கத்துக்குள் கியர் மாற்றும் தண்டு போகிறது, கிளட்ச் கேபிளும் ஹேண்ட் பிரேக் கேபிள்களும் போகும் குழாய்கள் இருக்கின்றன, பெட்ரோல் குழாய் போகிறது. எல்லாவற்றையும் அதே அளவுக்குக் குறைத்து, கோணம் மாறாமல் மறுபடி பிடிக்க வேண்டும். வெட்டும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், வண்டி ஆயுள் முழுக்கக் கொஞ்சம் சாய்ந்தே ஓடும். எந்த அலைன்மென்ட் கடையாலும் அதை முழுசாகத் திருத்த முடியாது.

எல்லா பீட்டிலும் ஒத்துவராது என்பதும் பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது. 1970-களில் வந்த 1302, 1303 மாடல்களில் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது. ஸ்ட்ரட்டின் மேல் முனை பீட்டிலின் இரும்புப் பாடியில்தான் பூட்டப்படுகிறது. பாடியைத் தூக்கினால் ஸ்ட்ரட்டுக்கு மேலே பிடிமானமே இல்லை. முறுக்கும் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பழைய டார்ஷன் பார் வகையில் இந்தப் பிரச்சினை கிடையாது, முன் ஆக்சில் முழுதாக அடித்தளத்தின் தலையிலேயே நிற்கும். அதனால்தான் பெரும்பாலான கிட்கள் அந்த வகையை மட்டும் கேட்கின்றன.

துருவும் இருக்கிறது. பீட்டிலின் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். அமிலம் கசிந்து அந்தப் பக்கத் தகடுதான் முதலில் போகும். அடுத்தது முன் தலையின் அடிப்பகுதி. பாடி மேலே இருக்கும்போது இரண்டும் சுலபமாகக் கண்ணில் படாது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் டோனர் வாங்கக் கூடாது.

ஃபைபர் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

ஃபைபர் பாடியைத் தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். காரின் இரும்புத் தகட்டை விரலால் அழுத்தினால் குழிகிறது, இது அசையக்கூட மாட்டேன் என்கிறது. அப்புறம் இதை ஏன் பலவீனம் என்கிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிட் பாடிகளில் சாதாரணமாக இருப்பது நறுக்கிய இழைப் பாயும் பாலியெஸ்டர் ரெசினும். 3 மி.மீ. தடிமனுள்ள அப்படியொரு பலகை சதுர மீட்டருக்கு சுமார் 4.4 கிலோ இருக்கும். கார்ப் பாடிக்குப் பயன்படும் 0.8 மி.மீ. இரும்புத் தகடு 6.3 கிலோ. ஆகவே ஃபைபர் இலேசானது. ஒரு பொருள் வளைவதை எதிர்க்கும் திறன் தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்காகும். இரும்பின் விறைப்பு எண் 200 கிகாபாஸ்கல், இந்த வகை ஃபைபருடையது 7 அல்லது 8 மட்டுமே. இருந்தும் 3 மி.மீ. தடிமன் இருப்பதால், விரலால் அழுத்தும் விஷயத்தில் ஃபைபர் பலகை இரும்புத் தகட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாக நிற்கிறது. கை சொல்வது பொய் இல்லை.

ஆனால் ஓடும் காரில் விசை அப்படி வருவதில்லை. ஒரு முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டி முழுவதும் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு பக்கச் சுவர்கள், தரை, கூரை வழியாக, பலகையின் தளத்திலேயே ஓடுகிறது. சதுரத்தைச் சாய்சதுரமாக இழுக்கும் விசை அது. அங்கே தடிமனுக்கு அந்த எட்டு மடங்கு லாபம் கிடையாது, நேர் விகிதம்தான். அந்தக் கணக்கில் 3 மி.மீ. ஃபைபர், 0.8 மி.மீ. இரும்பில் ஏழில் ஒரு பங்கு அளவே எதிர்க்கிறது. விரலுக்கு முரட்டுத்தனம் காட்டும் அதே பலகை, முறுக்குக்கு முன்னால் தளர்ந்துவிடுகிறது.

பீட்டிலின் விஷயத்திலும் இது பொருந்தும். அடித்தளம் தனியாக ஓடும் என்றாலும், அதன் விறைப்பில் பெரிய பங்கு மேலே போல்ட் போட்டிருந்த இரும்புப் பாடி தந்தது. அதை எடுத்துவிட்டு, கூரையில்லாத ஃபைபர் தொட்டியை வைத்தால், போனது போனதுதான். நல்ல கிட்கள் இதற்காகவே சதுரக் குழாயில் ஒரு பக்கச் சட்டம் தருகின்றன. கதவுக்குக் கீழே இரு பக்கமும் நீள வாக்கில் ஓடி, அடித்தளத்தில் பூட்டப்படும். இப்படிச் சட்டம் தராத கிட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் அலங்காரப் பொருளாகத்தான் கருதுவேன்.

ஃபைபரையே முழுக் கட்டமைப்பாக வைக்க முடியாதா என்றால், முடியும். சாப்மன் செய்தார். 1957-ல் காட்சிக்கு வந்த லோட்டஸ் எலீட்டின் உடல் முழுக்க ஃபைபர் மோனோகாக், அதாவது பாடியே சேஸியாகவும் இருக்கும் அமைப்பு. ஆனால் அதிலும் எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் சேரும் இடத்தில் இரும்புச் சட்டத்தை ஃபைபருக்குள் புதைக்க வேண்டியிருந்தது, முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு இரும்பு வளையமும் தேவைப்பட்டது. 1962-ல் அடுத்த காரான எலானுக்கு வந்தபோது அவரே வழியை மாற்றினார்: நடுவில் இரும்புத் தகட்டு முதுகெலும்பு, மேலே சுமை இல்லாத ஃபைபர் பாடி. எடையைக் கிராம் கணக்கில் பார்த்த மனிதர் எடுத்த முடிவு அது.

தனிச் சேஸி இல்லாத டோனர்கள்

பீட்டில், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் மாதிரி தனிச் சேஸி உள்ள சின்னக் கார்கள் குறைந்துவிட்டன. இப்போது கிடைக்கும் கார்கள் அநேகமாக எல்லாமே மோனோகாக். பாடியும் சேஸியும் ஒன்றே. அதன் கூரையை வெட்டி, தூண்களை அறுத்து, மேலே ஃபைபர் தோலைப் போர்த்துவது என்பது வண்டியின் எலும்பையே அறுப்பது. கூரை போன மோனோகாக்குக்குக் கதவுக்குக் கீழ்ச் சட்டங்களைத் தடிப்பாக்க வேண்டும், குறுக்குச் சட்டம் வேண்டும், கதவுத் தூண்களைப் பிணைக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே கூரையில்லாமல் வரும் மாடல்களுக்கு இதெல்லாம் செய்துதான் அனுப்புகிறார்கள்.

இந்த விதிக்கு ஒரு ருசியான விலக்கு பாண்டியாக் ஃபியேரோ. 1984 முதல் 1988 வரை வந்த இந்த இரண்டு சீட்டு அமெரிக்கக் காரில், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக உட்காரும். கட்டமைப்பு முழுக்க உள்ளே உள்ள இரும்புக் கூட்டில். வெளியே தெரியும் பிளாஸ்டிக் பலகைகளுக்குச் சுமையே கிடையாது, அவற்றைக் கழற்றிவிட்டும் ஓட்டலாம். அதனால்தான் ஃபெராரி மாதிரி பாடிகள் ஃபியேரோவை மொய்த்தன. ஃபியேரோவின் சக்கர இடைவெளி சுமார் 2,370 மி.மீ. ஃபெராரி 308-க்கு 2,340 மி.மீ. என்பதால் வித்தியாசம் அதிகமில்லை. எஃப்355-க்கு 2,450 மி.மீ. இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஃபியேரோவின் கூட்டை வெட்டி 8 செ.மீ. நீட்டலாம், அது பெரிய வெல்டிங் வேலை. அல்லது பாடியைச் சுருக்கலாம். வெட்ட வேண்டாம், ஆனால் கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள அளவு கெட்டு, எங்கேயோ இடிக்கிறதே என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றும். நகல் கார்கள் பல நகலாகத் தெரிவது விளக்குகளாலோ சின்னங்களாலோ இல்லை, இந்தச் சில சென்டிமீட்டர்களால்தான்.

ஃபெராரி இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா வடிவங்களில் ஃபைபர் கிட் செய்தவர் ஒருவர்மேல் அது போட்ட வழக்கில், 1991-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரி பக்கம் தீர்ப்பளித்தது. காரின் வெளித் தோற்றமே வணிக அடையாளம் என்பதுதான் அதன் சாரம்.

நகலின் நகல் என்ற இன்னொரு சங்கதியும் உண்டு. ஒருவர் விற்ற பாடியை வாங்கி, அதன்மேலேயே அச்சு எடுத்து விற்பார்கள். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் ஆறேழு சதவீதம் வரை சுருங்கும். இழை அதைக் கட்டுப்படுத்தினாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் திருகல், கொஞ்சம் அலை சேரும், கூர்மையான கோடுகள் மழுங்கும். பாடி வாங்கப் போகிறவர் அதன் பக்கவாட்டில் குனிந்து, ஒரு குழல் விளக்கின் பிரதிபலிப்பை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். கோடு நெளிந்தால் பாடியும் நெளிந்திருக்கிறது.

பாடியை இறக்கும்போது

அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் பாடி உடனே முழுசாக இறுகிவிடுவதில்லை. வாரக்கணக்கில் மெல்ல இறுகும். அந்தச் சமயத்தில் அதைச் சுவரில் சாய்த்தோ, இரண்டு ஸ்டூல்மேலோ வைத்தால், அந்த வளைவே நிலைத்துவிடும். ஆகவே பாடி வரும் முன்பே சேஸி தயாராக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. பாடியை வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து சேஸியில் இறக்கினால் நான்கு மூலையில் ஒன்று காற்றில் தொங்குகிறது. போல்ட்டை இறுக்கிக் கீழே இழுத்தால், அந்த இறுக்கம் பிறகு விரிசலாக வெளியே வரும். இழுக்காமல், இடைவெளியை அளந்து தகடு வைத்து நிரப்புவதுதான் முறை.

போல்ட் போடும் இடமும் முக்கியம். ஃபைபர் ஒரே புள்ளியில் வரும் அழுத்தத்தைத் தாங்காது. துளை மெல்ல மெல்ல நீளவட்டமாகிவிடும். அகலமான வாஷர், அதைவிட நல்லது உள்ளே ஒரு இரும்புத் தகடு அல்லது பிளைவுட் துண்டைப் புதைத்து மேலே இரண்டு மூன்று அடுக்கு இழை போடுவது. துளையைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரத்திலிருந்து தள்ளிப் போட வேண்டும். துளையிடும் இடத்தில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால், பாடியின் வெளிப்பூச்சான ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயராது. பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் ரப்பர்ப் பட்டை போடாவிட்டால், வண்டி ஓடும்போதெல்லாம் முனகிக்கொண்டே வரும்.

உள்பக்கம் இழை ஒட்டும்போது அவசரப்படுகிறவர்கள் அதிகம். பழைய ஃபைபர்மேல் புது ஃபைபர் ரசாயன ரீதியாகக் கலப்பதில்லை, வெறும் பிடிமானம்தான். 40 அல்லது 60 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே ரெசின் பூச வேண்டும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். கூடினால் டின்னுக்குள்ளேயே கொதித்துப் புகையும். ரெசினை அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது அதனால்தான். ஆழமான டின்னில் சூடு வெளியேறாது. அந்த ஹார்டனர் பெராக்சைடு வகை, ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. சில ரெசின்களோடு கோபால்ட் முடுக்கி தனியாக வரும். அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

எதை ஃபைபரில் பூட்டவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சீட் பெல்ட், சீட், ஸ்டீயரிங் தண்டின் தாங்கி, பெடல் பெட்டி, கதவுக் கீல். இவை எல்லாம் சேஸியோடு சேர்ந்த இரும்பில் நிற்க வேண்டும். கதவுக் கீல்தான் அதிகம் ஏமாற்றும். கதவு ஃபைபர் என்றாலும் உள்ளே கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் கருவி, பூட்டு எல்லாம் சேர்ந்து நல்ல எடை. வெறும் ஃபைபர்த் தூணில் தொங்கவிட்டால், முதலில் சரியாகத்தான் சாத்தும். போகப் போக பின் முனை இறங்கும், தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். கதவு இடைவெளி பார்க்கும்போது வண்டி தன் சக்கரங்களில், தன் முழு எடையோடு நிற்க வேண்டும். எஞ்சினை ஏற்றாமல், ஜாக்கியில் நிற்கும் சேஸியில் மில்லிமீட்டர் பார்த்துப் பொருத்திய கதவு, வண்டியைக் கீழே இறக்கியதும் ஓரத்தில் உரசும்.

வயரிங்கில் புதியவர்களைச் சுற்றவைக்கும் ஒரு பூதம் உண்டு. சாதாரணக் காரில் இரும்புப் பாடியே எர்த். விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும், திரும்பும் வழி பாடி. ஃபைபரில் மின்சாரம் பாயாது. டோனரின் வயரிங்கை அப்படியே மாட்டினால், பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும், ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆடும். பல்பு கெட்டுவிட்டது, ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். உண்மையில் ஒன்றும் கெட்டிருக்காது. தன் எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாக வழி தேடிக்கொள்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், பெட்ரோல் டேங்க்கின் அளவிக்கும் தனித்தனி எர்த் வயர் இழுத்து, சேஸியில் சுரண்டிச் சுத்தம் செய்த இரண்டு மூன்று இடங்களில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ரேடியோவில் எஞ்சின் இரைச்சல் கேட்பதும் இரும்பு மறைப்பு போனதால்தான்.

சூட்டையும் மறந்துவிடக் கூடாது. சாதாரணப் பாலியெஸ்டர் 70 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே தளர ஆரம்பிக்கும். சைலன்சர் குழாய் அருகே போகும் இடத்தில் காற்று இடைவெளியும், பளபளப்பான அலுமினியத் தடுப்பும் தேவை.

அப்புறம் பெயின்ட். அச்சிலிருந்து வரும் பாடியின்மேல் மெழுகு இருக்கும், அது அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசியது. முதலில் மெழுகு நீக்கியால் துடைக்க வேண்டும், பிறகுதான் உப்புத்தாள். வரிசை மாறினால் மெழுகு துளைகளுக்குள் தேய்ந்து ஏறி, பெயின்ட் அடித்ததும் மீன் கண் மாதிரி வட்டங்கள் கிளம்பும். ஜெல்கோட் அரை மி.மீ. தடிமன்தான், தேய்த்துத் தேய்த்து அதைத் தாண்டினால் இழை தெரிய ஆரம்பிக்கும். அச்சுகள் சேரும் கோடுகளுக்கு அடியில் காற்றுக் குமிழ்கள் இருக்கும். குத்தி உடைத்து நிரப்புவதே நல்லது, இல்லாவிட்டால் முதல் வெயிலில் அவை தானாக உடையும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்கள் வெயிலில் சூடேறி, ரெசின் மீதிச் சுருக்கத்தையும் முடித்து, இழையின் பின்னல் பெயின்ட்டுக்கு மேலேயே தெரிய வைக்கும். பாடியை பிரைமரோடு சில மாதம் வெயிலில் ஓட்டிவிட்டு, கடைசி பெயின்ட்டைப் பிறகு அடிக்கும் பொறுமை உள்ளவர்களின் வண்டிதான் வருடங்கள் கழித்தும் மழமழவென்று இருக்கிறது.

எடை குறைந்ததன் விளைவுகள்

கட்டி முடித்து ஓட்டும்போதுதான் இது தெரியும். இரும்புப் பாடி போனதால் வண்டி இலேசாகிவிட்டது, ஆனால் ஸ்பிரிங் பழைய எடைக்கானது. வண்டி தூக்கி நிற்கும், குலுக்கும். பீட்டில் அடித்தளத்தில் எஞ்சின் பின்னால் இருப்பதால், குறைந்த எடையில் பெரும்பங்கு முன்னாலிருந்து போகிறது. முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் ஈரச் சாலையில் பிரேக் மிதித்தால் முன் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஸ்பிரிங், ஷாக், பிரேக் சமநிலை மூன்றையும் புது எடைக்குத் தகுந்தபடி மாற்றுவது கட்டுமானத்தின் கடைசி அலங்காரமல்ல, அதன் ஒரு பகுதி. நான்கு சக்கரத்தையும் தனித்தனி எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் வாங்குவது நல்லது.

சாலையில் இறக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் தனி வண்டி ஒப்புதல் சோதனை உண்டு. வெளியே தொட முடிகிற விளிம்புகளின் வளைவு 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது என்பதுவரை பார்ப்பார்கள். வெட்டிய ஃபைபர் ஓரங்களை அப்படியே விட்டவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாதவற்றுக்கு அங்கே கியூ எழுத்தில் தொடங்கும் எண் தருவார்கள். விற்கும்போது அந்த ஓர் எழுத்து விலையைக் குறைக்கும். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், குறைந்தது 25 வருடம் பழைய கார்களின் நகல்களை ஒரு சிறு தயாரிப்பாளர் வருடத்துக்கு 325 வரை முழு வண்டியாகவே விற்க வழிசெய்தது.

எந்த நாடானாலும், பதிவு அலுவலகம் முதலில் கேட்பது சேஸி எண்ணைத்தான். பீட்டிலில் அது பின் சீட்டுக்கு அடியில், நடுச் சுரங்கத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாடி போனாலும் எண் தங்கும். மோனோகாக் கார்கள் பலவற்றில் அது எஞ்சின் அறையின் பின்சுவரிலோ சஸ்பென்ஷன் கோபுரத்திலோ இருக்கும், அதாவது பலர் முதலில் அறுத்து எறியும் பகுதியில். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, முழு டோனரையும் அந்த எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியை வெட்டலாமா கூடாதா என்று பதிவு அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடிக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கு அப்புறம்.